ஸ்பேஸ் என்ஜினியர்ஸ்: போர்க்கலம் கட்டிச் சோதிப்பவருக்கு ஒரு பட்டறை

செக் குடியரசின் பிராக் நகரைச் சேர்ந்த கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் உருவாக்கிய ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் என்ற கணினி விளையாட்டு, 2013 அக்டோபரில் முழுமை பெறாத நிலையிலேயே ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்து, 2019 பிப்ரவரியில் முழு வெளியீடு என்ற நிலையை எட்டியது. தாது தோண்டுதல், தளம் அமைத்தல், கோள் விட்டுக் கோள் பயணித்தல் என்று இதில் செய்வதற்குப் பல வேலைகள் உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, சொந்தமாக ஒரு போர்க்கலத்தை வடிவமைத்து, அதை அடித்து நொறுக்கிப் பார்த்து, கண்ட குறைகளைக் களைந்து மறுபடியும் கட்டுகிற வேலைக்கு இந்த விளையாட்டு எவ்வளவு தகுதியானது என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: போர் விளையாட்டாகப் பார்த்தால் இது நடுத்தரமானது, ஆனால் ஒரு கலம் எந்த இடத்தில், எந்த வரிசையில், எதனால் செயலிழக்கிறது என்பதைக் காட்டும் சோதனைக்கூடமாகப் பார்த்தால் இதற்கு இணையாக வேறொன்றை நான் ஆடியதில்லை.

இதில் கலம் என்பது பிளாக்குகள் எனப்படும் கட்டைகளால் அடுக்கப்படுவது. லார்ஜ் கிரிட் எனப்படும் பெரிய கலத்தில் ஒரு பிளாக்கின் பக்கம் 2.5 மீட்டர், ஸ்மால் கிரிட் எனப்படும் சிறிய கலத்தில் 0.5 மீட்டர். பல விண்வெளி விளையாட்டுகளில் கலத்தின் உயிர் ஒரே எண்ணாகத் திரையின் ஓரத்தில் நிற்கும். அடி விழ விழ அது குறைந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் கலம் வெடித்துவிடும். ஸ்பேஸ் என்ஜினியர்ஸில் அப்படியோர் எண் கிடையாது. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி எடை, தனி உறுதி, அதைக் கட்டத் தேவையான எஃகுத் தகடு, மோட்டார், கணினி முதலிய உதிரிப்பாகங்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அடிபட்டு அந்த உறுதி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பிளாக் மட்டும் வேலையை நிறுத்தும். மற்றவை தொடர்ந்து ஓடும். பாதி உடம்பை இழந்த கலம் திரும்பிச் சுடுவதும், வெளித்தோலில் ஒரே ஒரு துளை மட்டும் விழுந்த கலம் உயிரற்று மிதப்பதும் இங்கே அன்றாடக் காட்சிகள். இந்த விளையாட்டின் சிறப்பு முழுவதும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது என்பேன்.

முதலில் கவசத்தைப் பார்ப்போம், ஏனெனில் வடிவமைப்பாளரின் எல்லாச் சிக்கல்களும் எடையில்தான் தொடங்குகின்றன. பெரிய கலத்துக்கான இலகு கவசப் பிளாக் ஒன்றின் எடை 500 கிலோ. அதே அளவுள்ள கனகவசப் பிளாக்கின் எடை 3,300 கிலோ. பக்கத்துக்குப் பத்துப் பிளாக் நீளமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்து, உள்ளே வெறுமையாக விட்டு, ஓர் அடுக்குத் தோலை மட்டும் போர்த்தினால் 488 பிளாக் பிடிக்கும். இலகு கவசத்தில் அந்தக் கூடு 244 டன் வரும். கனகவசத்தில் ஏறக்குறைய 1,610 டன் வரும். பெரிய ஹைட்ரஜன் உந்துபொறி ஒன்று தரும் விசை 72 லட்சம் நியூட்டன். அதே ஒரு பொறி முதல் கூட்டை, விநாடிக்கு விநாடி, 29 மீட்டருக்கும் சற்று அதிகமாக வேகம் கூட்டித் தள்ளும். இரண்டாவது கூட்டை நாலரை மீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். இத்தனைக்கும் அந்தக் கூட்டுக்குள் மின்சாரம் தரும் ஓர் உலையோ, ஒரு துப்பாக்கியோ, விமானி உட்கார ஓர் இருக்கையோ இன்னும் வைக்கப்படவில்லை.

உடம்பு முழுவதையும் கனகவசத்தால் மூடிவிட வேண்டும் என்பது புதிதாகக் கட்டுவோருக்கு எழும் இயல்பான ஆசை. அந்த ஆசையை விளையாட்டு எந்த எச்சரிக்கையாலும் தடுப்பதில்லை; கலத்தை ஓட்டிப் பார்க்கும்போது அது தானாகவே விடை சொல்லிவிடுகிறது. எதிரியை நோக்கி நிற்கும் முகப்பு, உலைகளைச் சுற்றியுள்ள அறை, விமானியின் அறை ஆகிய இடங்களில் கனகவசத்தைக் குவித்து, மற்ற இடங்களை இலகு கவசத்தாலோ வெற்று இடைவெளியாலோ நிரப்பிய கலங்களே நல்ல கலங்களாக அமைகின்றன. ராக்கெட் தொட்ட இடத்திலேயே வெடிப்பதால், வெளித்தோலுக்கும் உள்கூட்டுக்கும் இடையே ஓரிரு பிளாக் அளவு காலி இடம் விடுவது பெரும் பலன் தரும். மின்னாற்றலால் அதிவேகமாக ஏவப்படும் ரயில்கன் குண்டிடம் அந்த உபாயம் செல்லாது: தன் வலு தீரும்வரை அது ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாக்குகளைத் துளைத்துக்கொண்டே போகும். ஆகவே ஒரே நேர்கோட்டில் உலை, பேட்டரி, விமானி இருக்கை மூன்றையும் வைத்த கலத்துக்கு ஒரே குண்டு போதும்.

எடையை அடுத்து நிறுத்தம். விண்வெளியில் வேகம் தானாகக் குறைவதில்லை. முன்னோக்கிச் சீறும் பொறிகள்தான் கலத்தை நிறுத்த வேண்டும். விளையாட்டின் வேக உச்சம் விநாடிக்கு 100 மீட்டர். 2,000 டன் எடையுள்ள கலத்தின் முகப்பில் நிறுத்தத்துக்கென்று ஒரே ஒரு பெரிய ஹைட்ரஜன் பொறி இருந்தால், உச்ச வேகத்திலிருந்து நிற்க 28 விநாடிகளும் ஏறக்குறைய 1,400 மீட்டர் தூரமும் தேவைப்படும். தானே சுழன்று குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி மேடையான கேட்லிங் டர்ரெட்டின் வீச்சு 800 மீட்டர். அதாவது எதிரி நம் கேட்லிங்கின் எல்லைக்குள் வந்த கணத்தில் நிறுத்த ஆரம்பித்தால், அவனைத் தாண்டி இன்னும் 600 மீட்டர் ஓடி, பின்புறத்தை அவனுக்குக் காட்டியபடிதான் நிற்போம். பொறியை இரட்டிப்பாக்கினால் 14 விநாடியும் 700 மீட்டரும் போதும். சண்டை அந்த ஒரு மாற்றத்திலேயே வேறு சண்டையாகிவிடுகிறது. பின்பக்கம் அழகான பெரிய பொறிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, பக்கவாட்டுக்கும் முகப்புக்கும் பேருக்கு ஒன்றிரண்டு சிறிய பொறிகளை ஒட்டும் பழக்கம் பலரிடமும் உண்டு. காட்சிக்கு வைக்கும் கலத்துக்கு அது போதும். சண்டைக்குப் போகும் கலத்துக்குப் போதவே போதாது.

பக்கவாட்டுப் பொறிகளின் முக்கியத்துவம் 2022 பிப்ரவரியில் வந்த வார்ஃபேர் 2 புதுப்பிப்புக்குப் பிறகு இன்னும் கூடியது. அதற்கு முன் கேட்லிங்கும் ராக்கெட்டுமே கலங்களின் பிரதான ஆயுதங்கள். அந்தப் புதுப்பிப்பில் பீரங்கி, தாக்குபீரங்கி, ரயில்கன் ஆகியவை வந்து சேர்ந்தன. தாக்குபீரங்கியின் வீச்சு 1,400 மீட்டர். பீரங்கிக்கும் பெரிய ரயில்கன்னுக்கும் 2,000 மீட்டர். பீரங்கிக் குண்டின் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். பெரிய ரயில்கன் குண்டுக்கு 2,000 மீட்டர். இரண்டையும் உச்ச தூரத்திலிருந்து சுட்டால் முதலாவது வந்து சேர நான்கு விநாடிகள் ஆகும், இரண்டாவது ஒரே விநாடியில் வந்துவிடும். மேலே சொன்ன 2,000 டன் கலம் பக்கவாட்டிலும் ஒரு பெரிய பொறியை வைத்திருந்தால், நான்கு விநாடிகளில் தன் பாதையிலிருந்து 29 மீட்டர் விலகிவிட முடியும். ஒரு விநாடியில் இரண்டு மீட்டர்கூட விலக முடியாது. தொலைவில் ஓயாமல் பக்கம் மாறிக்கொண்டிருக்கும் கலத்தைப் பீரங்கிகள் ஏன் தவறவிடுகின்றன, ரயில்கன் ஏன் தவறவிடுவதில்லை என்பதற்கு இந்தச் சிறு கணக்கே காரணம். பதிலுக்கு ரயில்கன் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் மின்னேற்றம் பெற வேண்டும், டர்ரெட் போலத் தானாகச் சுழலாது, கலத்தையே எதிரியை நோக்கித் திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும். ஆயுதங்களுக்கிடையே இப்படியொரு கொடுக்கல் வாங்கல் அமைந்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்; எல்லாவற்றுக்கும் சிறந்த ஒரே ஆயுதம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாதபடி அது அமைந்திருக்கிறது.

ஆனால் கவசத்தையும் ஆயுதத்தையும்விடக் கலத்தின் உட்புறமே இந்த விளையாட்டின் வளமான பகுதி. மின்சாரத்துக்குக் கம்பி இழுக்கத் தேவையில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய பிளாக்குகள் அனைத்துக்கும் அது தானாகவே பாய்கிறது. அயனிப் பொறிக்கு மின்சாரம் மட்டும் போதும். பெரிய கலத்தின் பெரிய அயனிப் பொறி முழு விசையில் 33.6 மெகாவாட் எடுத்துக்கொள்ளும். பெரிய அணு உலை 300 மெகாவாட் தரும். ஓர் உலைக்கு எட்டுப் பொறி என்பது வசதியான கணக்கு. ஹைட்ரஜன் பொறிக்கோ எரிபொருள் குழாய் வழியாக வந்து சேர வேண்டும். கன்வேயர் எனப்படும் அந்தக் குழாய்கள்தான் டர்ரெட்டுகளுக்கு வெடிமருந்தையும் கொண்டுபோகின்றன. இடத்தை மிச்சம் பிடிக்க, கலத்தின் முதுகெலும்பு போல ஒரே ஒரு கன்வேயர் பாதையை நடுவில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் அதிலிருந்து கிளைக்கவிடுவதே கட்டுவோர் முதலில் செய்வது. அந்தப் பாதையில் ஒரே ஒரு பிளாக் அறுந்தால் போதும்: அந்த வெட்டுக்கு அப்பால் உள்ள ஹைட்ரஜன் பொறிகள் உடனே அணைந்துவிடும், டர்ரெட்டுகள் கையிருப்பில் உள்ளதைச் சுட்டுத் தீர்த்துவிட்டு மௌனமாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கலம் முழுமையாகவே தெரியும். இரண்டு பக்கமாகச் சுற்றிவந்து மூடும் வளையப் பாதை இதற்கு மாற்று. எடையும் இடமும் கூடும். எந்த ஒரு வெட்டும் முழு ஓட்டத்தையும் நிறுத்தாது.

கலம் நடுவில் முறிந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இரண்டாகப் பிளந்த துண்டுகள் அந்தக் கணத்திலேயே இரண்டு தனிக் கலங்களாகிவிடுகின்றன. உலை எந்தத் துண்டில் உள்ளதோ அது உயிரோடு இருக்கும்; மற்றது இருண்டுவிடும். இதை எதிர்பார்த்து முன்பாதியிலும் பின்பாதியிலும் தனித்தனியே பேட்டரிகளும், இரு பாதிக்கும் சொந்தமாக, கலத்தைத் திருப்ப உதவும் கைரோஸ்கோப்புகளும் வைத்த கலத்தில், முறிந்த பிறகும் டர்ரெட்டுகள் சுடுகின்றன. நிரம்பிய ஹைட்ரஜன் தொட்டி அழியும்போது வெடித்துச் சுற்றிலும் உள்ளவற்றையும் தகர்க்கும் என்பதால், அதை எங்கே வைப்பது என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்: வெளிப்புறத்தில் வைத்தால் சீக்கிரம் அடிபடும், நடுவில் வைத்தால் அடிபடும் நாளில் கலமே போய்விடும். தொட்டிகளைத் தனி அறையில் அடைத்து, அந்த அறையின் உட்சுவரைக் கனமாகவும் வெளிச்சுவரை மெலிதாகவும் அமைத்து, வெடிப்பின் பாதிப்பை வெளிப்பக்கத்தோடு நிறுத்தப் பார்ப்பது எனக்குப் பிடித்த தீர்வு. இப்படிப்பட்ட சிந்தனையை ஓர் அறிவுரைப் பலகைகூட இல்லாமல் ஆடுபவரிடமிருந்து வரவழைப்பது சாதாரணக் காரியமன்று.

சோதிக்கும் முறைக்கு வருவோம். பொருள் சேகரிக்காமலேயே விரும்பியதைக் கட்டும் கிரியேட்டிவ் முறையில் கட்டிய கலத்தைப் புளூபிரிண்டாக, அதாவது வடிவப் பதிவாகச் சேமித்து, வேண்டிய அளவு பிரதிகளை உலகில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பிரதியின் உரிமையை எதிரி அணிக்கு மாற்றிவிட்டால் இரண்டின் டர்ரெட்டுகளும் வீச்சுக்குள் வந்ததும் ஒன்றையொன்று சுடத் தொடங்கிவிடும். ஒரு பெரும் சண்டையை நடத்திவிட்டு எது வென்றது என்று பார்ப்பதில் கற்க அதிகமில்லை. ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே பயனுள்ள வழி: ஒரே வகை ஆயுதத்தை, ஒரே தூரத்தில், ஒரே முகத்தை நோக்கி நிறுத்தி, எத்தனை அடியில் எந்தப் பிளாக் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே கலத்தின் புதுப் பிரதியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி மறுபடியும் பார்க்க வேண்டும். டர்ரெட்டுகளுக்கு எதை முதலில் தாக்க வேண்டும் என்று கட்டளையிடும் வசதி இருப்பதால், ஆயுதங்களையோ, உந்துபொறிகளையோ, மின் அமைப்புகளையோ குறிவைக்கும்படி மாற்றி, தன் கலத்தின் பலவீனம் எந்த அமைப்பில் உள்ளது என்பதைத் தெளிவாகக் கண்டுபிடிக்கலாம். எதிரியின் டர்ரெட்டுகளைத் தன்பக்கம் ஈர்க்கும் டீகாய் பிளாக்கை எங்கே வைத்தால் அடி திசைமாறுகிறது என்பதையும் இதே போக்கில் சோதிக்கலாம். டீகாயைக் கலத்தின் நடுவில் புதைத்துவைப்பவர்கள், எதிரியின் குண்டுகளைத் தாங்களே உள்ளே அழைக்கிறார்கள். உடலிலிருந்து நீண்டு நிற்கும் ஒரு கையின் நுனியில் வைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கிரியேட்டிவ் முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அங்கே வெடிமருந்தும் எரிபொருளும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நம்பி அளக்க முடியாது. நீண்ட சண்டையில் கலம் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய வேண்டுமானால், எல்லாவற்றையும் சேகரித்துத்தான் கட்ட வேண்டிய சர்வைவல் முறையில் ஓர் உலகைத் தொடங்கி, நிர்வாகிக்கான கருவிகளைக் கொண்டு கலத்தை அங்கே ஒட்டி, யுரேனியத்தையும் வெடிமருந்தையும் அளந்து ஏற்றிச் சோதிப்பதே சரியான வழி. ஏற்றிய சரக்கின் எடையும் கலத்தின் எடையோடு சேர்வதால், காலியாக இருந்தபோது துள்ளி ஓடிய கலம் நிறை சரக்கோடு எப்படித் தள்ளாடுகிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

சண்டைக்குப் பிந்தைய ஆய்வுக்கு இந்த விளையாட்டு தரும் மிகச் சிறந்த கருவி புரொஜெக்டர். ஒரு புளூபிரிண்டை ஒளியுருவாக வெளியில் காட்டுவதே அதன் வேலை. கலத்தின் சொந்தப் புளூபிரிண்டையே அதில் ஏற்றி, ஒளியுருவும் உடலும் பிசகின்றி ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமாறு சரிசெய்துவிட்டால், முழுமையான கலத்தில் எதுவும் தெரியாது. அடிபட்ட பிறகு இழந்த பிளாக்குகள் மட்டும் ஒளியுருவாக மிதக்கும். குண்டு எங்கே நுழைந்தது, எந்த அறையைக் கடந்தது, எங்கே நின்றது என்பதையெல்லாம் கலத்துக்குள் நடந்தே பார்க்கலாம். வெல்டரைக் கையிலெடுத்து அந்த ஒளியுருக்களின் மேல் பற்றவைத்தால் கலம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கலத்துக்குள்ளேயே வெல்டர் பிளாக்குகளைப் பொருத்தி வைத்தால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பழுது நீங்கும். காணாமற்போன பிளாக்குகளை மட்டுமே இது காட்டும், நசுங்கி நிற்பவற்றைக் காட்டாது என்பது ஒரு குறை. ஆயினும் சேதத்தின் முழு வரைபடத்தையும் வடிவமைப்பாளரின் கையில் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்காகவே இந்த விளையாட்டைப் பரிந்துரைக்கலாம். முறையாகக் கட்டுகிற எவரும் கலத்தின் முதல் வரைவிலேயே புரொஜெக்டருக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட வேண்டும், அதுவும் எளிதில் அடிபடாத இடமாக.

அசையாமல் நிற்கும் இலக்கைச் சுடுவது பாதிச் சோதனைதான். 2023 ஏப்ரலில் வந்த ஆட்டோமேட்டன்ஸ் புதுப்பிப்பு மீதிப் பாதிக்கு வழிசெய்தது. அதில் சேர்ந்த தானியங்கிப் பிளாக்குகளை ஒரு கலத்தில் பொருத்தினால், ஆளில்லாமலேயே அது எதிரியைத் தேடிவந்து, வட்டமிட்டுச் சுடுவது, அடித்துவிட்டு விலகுவது, தூரம் காத்து நிற்பது போன்ற முறைகளில் ஒன்றைப் பின்பற்றிப் போரிடும். அதற்கு முன்னர் இதையெல்லாம் புரோகிராமபிள் பிளாக்கில் சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதித்தான் சாதிக்க வேண்டியிருந்தது. நிரல் எழுதுவோர் இன்றும் அதைக் கொண்டு வியக்கத்தக்க காரியங்களைச் செய்கிறார்கள்: தானே வழிகாட்டிக்கொள்ளும் ஏவுகணைகளைக் கலத்தின் வயிற்றுக்குள் வெல்டர்களால் கட்டி, இரு உடல்களை இணைத்துப் பிடிக்கும் மெர்ஜ் பிளாக்கை விடுவித்து ஏவுவது அவற்றில் ஒன்று. நிரல் அறியாதவருக்குத் தானியங்கிப் பிளாக்குகள் போதுமான எதிரியைத் தருகின்றன. அந்த எதிரி சூழ்ச்சி அறியாதவன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கலத்தின் சேதமடைந்த பக்கத்தை எதிரியிடமிருந்து திருப்பி வைப்பது, கையிலுள்ள ஆயுதத்தின் வீச்சுக்கு ஏற்பத் தூரத்தை மாற்றுவது போன்ற மனித விமானியின் உணர்வுகள் அதற்கு இல்லை. கடைசிச் சோதனை எப்போதும் இன்னொரு மனிதரோடு, மல்டிபிளேயரில்தான் நடக்க வேண்டும்.

இயற்பியலில் இந்த விளையாட்டு எடுத்துள்ள சில முடிவுகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. உந்துபொறி கலத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதன் விசை எடைமையத்தின் வழியாகவே செயல்படுகிறது. இடப்பக்கப் பொறிகள் அனைத்தையும் இழந்த கலம் ஒருபக்கமாகச் சுழல வேண்டும். இங்கே அது மெதுவாக, ஆனால் நேராகவே போகிறது. கைரோஸ்கோப்புக்கும் இடம் ஒரு பொருட்டில்லை. இதனால் புதியவர்களுக்குக் கலம் கட்டுவது எளிதாகிறது என்பது உண்மை. ஆனால் பொறிகளைச் சமநிலையில் பரப்பி வைக்க வேண்டும் என்ற ஒரு முழுப் பாடமே இந்தச் சலுகையால் இல்லாமல் போய்விடுகிறது. ராக்கெட் கட்டும் விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் பொறியின் இடம் தவறினால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். அந்தக் கண்டிப்பில் பாதியாவது இங்கே இருந்திருக்கலாம். வேக உச்சமும் அப்படித்தான். இரு கலங்களும் விநாடிக்கு 100 மீட்டரை எட்டிவிட்டால் துரத்துபவர் ஓடுபவரை ஒருபோதும் நெருங்க முடியாது. விசைமிக்க பொறி முடுக்கத்தில் மட்டுமே உதவுகிறது. நீண்ட துரத்தலில் அதற்கு மதிப்பேயில்லை. இந்த உச்சத்தை உயர்த்தும் மாட்கள், அதாவது ஆடுவோர் செய்த மாற்றங்கள், ஆடுவோர் தம் படைப்புகளைப் பகிரும் ஸ்டீமின் வொர்க்‌ஷாப்பில் கிடைக்கின்றன. எனினும் அவற்றைப் போட்டுச் சோதித்த கலம் மாட் இல்லாத சர்வரில் அதேபோல் நடந்துகொள்ளாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சுழலும் மூட்டு, பிஸ்டன், கீல் ஆகியவற்றால் இணைக்கப்பட்ட துணைக்கூடுகள் இன்னொரு தலைவலி. அவை மோதும்போதோ இறுகும்போதோ இயற்பியல் கணக்கு தடுமாறி, கலம் நடுங்கித் தன்னைத்தானே பிய்த்துக்கொள்வது உண்டு. ஆடுவோர் இதற்குக் கிளாங் என்று ஒரு தெய்வத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பல ஆண்டுப் புதுப்பிப்புகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் மறையவில்லை. சொந்தமாக வடிவமைத்த பெரிய டர்ரெட்டுகளை விரும்புவோர், வார்ஃபேர் 2 தந்த டர்ரெட் கட்டுப்பாட்டுப் பிளாக்கோடு குறைந்த எண்ணிக்கையிலான மூட்டுகளைப் பயன்படுத்துவது நல்லது. கணினியின் வலுவும் ஒரு வரம்பு. பெரிய கலங்கள் இரண்டு சிதறத் தொடங்கினால், உடைந்த ஒவ்வொரு துண்டும் தனிக் கலமாகக் கணக்கில் சேர்வதால், விளையாட்டின் ஓட்ட வேகம் குறைந்து, சண்டை மெதுவாக நகரும். சோதனை உலகைக் கோள்களும் மற்றக் கட்டடங்களும் இல்லாத வெற்று விண்வெளியாக அமைத்துக்கொள்வது இதற்கு ஓரளவு கைகொடுக்கும்.

இதே வேலையை வேறு விதமாகச் செய்யும் காஸ்மோடீரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 2022 அக்டோபரில் முன்னோட்ட வெளியீடாக வந்த அந்த விளையாட்டில் கலத்தை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறோம். வெடிமருந்தையும் மின்கலன்களையும் மாலுமிகளே சுமந்து ஓடுகிறார்கள். நடைபாதை குறுகினால் துப்பாக்கி பட்டினி கிடக்கும். கட்டி, மோதி, திருத்தி மறுபடியும் மோதுகிற சுற்று அங்கே மிக வேகமானது. அதை ஆடுவோர் ஒரு மாலைப்பொழுதில் பல வடிவங்களைப் பார்த்துவிடலாம். ஸ்பேஸ் என்ஜினியர்ஸில் ஒரு நல்ல கலத்தைக் கட்டுவதற்கே அதைவிட வெகு நேரம் பிடிக்கும். ஆனால் கலத்தின் தாழ்வாரத்தில் நடந்துபோய், தான் வைத்த சுவரில் விழுந்த ஓட்டை வழியாக வெளியே நட்சத்திரங்களைப் பார்க்கிற அனுபவத்தைத் தட்டையான பார்வை தராது. விரைவான சோதனை முக்கியமென்றால் காஸ்மோடீர். கலத்துக்குள் வாழ வேண்டுமென்றால் ஸ்பேஸ் என்ஜினியர்ஸ்.

கட்டும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு பக்கம் வைப்பதை மறுபக்கமும் வைத்துவிடும் சமச்சீர் முறை வேலையைப் பாதியாக்குகிறது. கலத்தின் எடைமையத்தைத் திரையில் காட்டும் வசதி, கலம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் பெருங்குறை. நூற்றுக்கணக்கான பிளாக்குகள் ஒரே நீண்ட பட்டியலில் கொட்டிக் கிடக்கின்றன. தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு பிளாக்குக்கும் பொருத்தமான பெயரிட்டு, குழுக்களாகச் சேர்த்துவராதவர் சண்டையின் நடுவில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. விளையாட்டு இதைக் கற்றுத்தருவதில்லை. மற்றவர்கள் வொர்க்‌ஷாப்பில் பகிர்ந்த கலங்களை இறக்கி, அவற்றின் உள்ளமைப்பைப் பிரித்துப் பார்ப்பதே விரைவில் கற்கும் வழி. நன்றாகச் சண்டையிடும் ஒருவரின் கலத்தை, பிளாக்குகளைப் பிரித்தெடுக்கும் கிரைண்டரால் தோலுரித்துப் பார்த்தால், கவசத்துக்கும் பொறிக்கும் இடையே அவர் விட்ட ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு காரணம் இருப்பது புரியும்.

கூடுதல் தொகுப்புகள் பலவும் தோற்றத்துக்கானவை. பீரங்கி, ரயில்கன், தானியங்கிப் பிளாக்குகள் முதலிய சண்டைக்குத் தேவையானவை இலவசப் புதுப்பிப்பாகவே அடிப்படை விளையாட்டில் சேர்ந்துவிட்டன. ஆகவே கலம் கட்டிச் சோதிப்பதற்காக வாங்குபவர் அடிப்படை விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். தொகுப்புகளை, கலத்தின் அழகில் மனம் சென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதன் இரண்டாம் பாகம் 2025 ஜனவரியில் முன்னோட்ட வெளியீடாக வந்தது. பெரிய கலம், சிறிய கலம் என்ற பிரிவினையை நீக்கி, 25 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே கட்ட அமைப்பை அது கொண்டுவந்திருப்பது வடிவமைப்பாளருக்குப் பெரிய விடுதலை. ஆனால் கிரியேட்டிவ் முறையோடு மட்டும் வெளிவந்த அது, முதல் பாகம் பத்தாண்டுகளுக்கு மேல் சேர்த்துவைத்த ஆயுதங்களையும் கருவிகளையும் எட்டிப்பிடிக்கக் காலம் வேண்டும். கலத்தைக் கட்டிப் பார்ப்பதோடு அதைக் குண்டடிபட வைத்தும் பார்க்க விரும்புபவர் முதல் பாகத்திலிருந்தே தொடங்கட்டும்.